கேம் படிக்கப் போறாராம்

கல்முனைப் பக்கம் ஏ.எல். எழுதுகிற பிள்ளைக்கு டொக்டர், இஞ்சினியர் என்று இரண்டே வாசல். ஒருவன் கேம் டிசைன் படிக்கப் போகிறானாம்.

"டியூசனுக்குப் போகாம விளையாடினது போதாதா மகன்? அதுக்கும் கெம்பஸா?" என்கிறார் வாப்பா.

மைன்கிராப்ட் செய்த சுவீடன் கம்பனியை 2014இல் மைக்ரோசொப்ட் 250 கோடி டொலருக்கு வாங்கிய கதையைச் சொன்னால், "பென்சன் இருக்கா?" என்று கேட்கிறார்.

படிப்பில் விளையாட்டு குறைவு, கணிதமும் புரோகிராமிங்கும்தான் கூட. அதை உம்மாவிடம் மட்டும் சொல்லலாம்.

கேமில் கடினமான கட்டம் அமைப்பதற்கு மாதிரி வேண்டுமா? 2013இல் திறந்த ஒலுவில் துறைமுகம் இருக்கிறது. வாயை மணல் அடைத்தது, பக்கத்துக் கரையைக் கடல் தின்றது, படகு நுழையவே திணறுகிறது. தென்கிழக்குப் பல்கலைக்கழகமும் அதே ஊரில்தான்; களப்பயணத்துக்கு பஸ் காசும் மிச்சம்.