முள்ளைத் திருப்பினால் எதிரி மாறுவார்

கேள்வி: இரண்டாம் உலகப் போரின் வானொலிப் பிரசாரம் நம்ம பெரம்பலூர், அரியலூர் பக்கம் எட்டியிருக்குமா?
- வாசகர், அரியலூர்

பதில்: எட்டும் தூரத்தில்தான் நிலையமே இருந்தது! இரண்டு ஊரும் அன்று திருச்சி மாவட்டம். திருச்சி வானொலி பேசத் தொடங்கியது 1939 மே 16. செப்டம்பரில் போர் மூண்டுவிட்டது. 1941-ல் பிபிசியும் தமிழ் பேசியது. பெர்லினும் டோக்கியோவும் சொல்வதை நம்பாதே என்பதுதான் இவற்றின் பாடம். ஆனால் 1942-ல் அதே பெர்லினிலிருந்து நேதாஜியின் ஆசாத் ஹிந்த் வானொலி, தமிழ் உட்படப் பல மொழிகளில்! ஆல் இந்தியா ரேடியோவுக்கு அவர் சூட்டிய பெயர், 'ஆன்டி இந்தியன் ரேடியோ'. காந்தியைச் சிறையில் வைத்துக்கொண்டு, சுதந்திரத்துக்காகப் போரிடுகிறோம் என்று பிரிட்டிஷ் அரசு சொன்னால் எவன் நம்புவான்? அதே ஆண்டு ஆகஸ்டில் பம்பாயில் 22 வயது உஷா மேத்தாவும் தோழர்களும் ரகசியமாக காங்கிரஸ் வானொலி தொடங்கினார்கள். போலீஸ் பிடிக்க நவம்பர் ஆயிற்று.