காற்றுக்கு ஒரு கோப்பு வேண்டி

பெறுநர்:
மத்தியச் சுகாதார அமைச்சகம், புதுதில்லி.

பொருள்: மூடிய அறைக் காற்றை ஏதேனும் ஒரு துறையின் பொறுப்பில் சேர்க்கக் கோருதல் – தொடர்பாக.
பார்வை: முதன்மை அறிவியல் ஆலோசகர் அலுவலக அறிவுரை, நாள் 20.05.2021.

ஐயா / அம்மையீர்,

எச்சில் துளி 2 மீட்டருக்குள் விழுந்துவிடும், நுண்துளியோ காற்றில் 10 மீட்டர் வரை போகும், ஆகவே சன்னலைத் திறவுங்கள் என்றது பார்வையில் கண்ட கொரோனா அறிவுரை. சானிடைசர் வாங்கலாம், நெற்றியில் வைக்கத் துப்பாக்கி வாங்கலாம், தரையில் வட்டம் போட ஆள் வைக்கலாம். சன்னல் திறக்க என்ன டெண்டர் விடுவது? அறிவுரை தூங்கிவிட்டது.

தங்களை மட்டும் குறை சொல்ல முடியாது. கொரோனா காற்றில் பரவாது என்று 28.03.2020 அன்று உலக சுகாதார நிறுவனமே அடித்துச் சொன்னது. பரவும் என்று ஜூலையில் 239 அறிவியலாளர்கள் கடிதம் எழுதினார்கள். அந்த நிறுவனத்தின் தலைமை அறிவியலாளராக இருந்த நம் சௌமியா சுவாமிநாதன், 2022இல் விடைபெறும்போது, இதை முன்பே சொல்லியிருக்க வேண்டும் என்றார்.

எங்கள் அலுவலகக் கூட்ட அறைக்கு வருவோம். பெயர் வேண்டாம், சம்பளம் அங்கிருந்துதான் வருகிறது. இருபது பேர், இரண்டு ஸ்பிளிட் ஏசி. அது வெளிக்காற்றைக் கொண்டுவராது. உள்ளே இருப்பதையே இழுத்துக் குளிரவைத்துத் திருப்பித் தரும். பிரிவு அதிகாரி காலையில் இருமிய இருமலை மதியம்வரை சில்லென்று பகிர்ந்துகொள்கிறோம். எக்ஸாஸ்ட் விசிறியும் உண்டு. அதில் புறா முட்டையிட்டதால் அட்டை வைத்து டேப் ஒட்டியிருக்கிறோம்.

சன்னல் பொதுப்பணித் துறைக்கு, ஏசி ஒப்பந்தக்காரருக்கு, கிருமி தங்களுக்கு, நவம்பர் புகை சுற்றுச்சூழல் அமைச்சகத்துக்கு. மூச்சு மட்டும் எங்களுக்கு. தில்லிக் குளிரில் திறந்தால் புகை, மூடினால் கிருமி. நல்ல ஹெப்பா வடிகட்டி இரண்டையும் பிடிக்கும். அதனால்தானோ என்னவோ, அது பெரிய அதிகாரியின் தனி அறையில், அவர் ஒருவருக்காக ஓடுகிறது.

எனவே பணிந்து கோருவது:

1. அறைதோறும் ஒரு கரியமில வாயு மானி. வெளிக்காற்றில் சுமார் 420 பிபிஎம். உள்ளே 1,500ஐத் தாண்டினால், அடுத்தவர் விட்ட மூச்சைத்தான் நிறைய வாங்குகிறோம் என்று பொருள்.

2. ஆளுக்கு நொடிக்கு 10 லிட்டர் வெளிக்காற்று என்று 2021இல் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்ததை, அறிவுரையாக அல்லாமல் விதியாக்குதல்.

3. இரண்டும் இயலாவிடில், அமைச்சர் தலைமையில் சன்னல் திறப்பு விழா. திறந்த பிறகு மூடப்படாத ஒன்றாவது நாட்டில் இருக்கட்டும்.

தங்கள் உண்மையுள்ள,
இளநிலை உதவியாளர் ஒருவர்

நகல்: விசிறியில் குடியிருக்கும் புறாவுக்கு, தகவலுக்காகவும் தேவையான நடவடிக்கைக்காகவும்.