புல்லு எனக்கு, நிலம் டொராண்டோவுக்கு

ஸ்கார்பரோ, டொராண்டோ.

அக்காவுக்குத் தம்பி எழுதிக்கொள்வது. அம்மாவுக்குச் சத்தமா வாசிச்சுக் காட்டு. மச்சான் பக்கத்துல இருந்தா நடுவுல ஒரு பத்தியை மட்டும் மனசுக்குள்ள வாசிச்சுக்கோ. எதுன்னு அங்க வந்ததும் உனக்கே தெரியும்.

போன ஞாயித்துக்கிழமை வீடியோவுல பேசுறப்ப வாசல்ல ஒரு போர்டு நட்டிருந்ததை அம்மா பார்த்துட்டு, "ஏன்டா, எலெக்‌ஷன்ல நிக்கிறியா?"ன்னு கேட்டுச்சு. நான் இல்லைன்னு சொல்றதுக்குள்ள உங்க பக்கம் சிக்னல் போயிருச்சு. இப்ப டீக்கடையில நான் கனடாவுல கவுன்சிலருக்கு நிக்கிறதாப் பேச்சாம், பிரச்சாரத்துக்கு வர ரெண்டு பேர் பாஸ்போர்ட் ஆபீஸ் எங்கன்னு விசாரிச்சாங்களாம். அவங்ககிட்டச் சொல்லிரு: நான் எதுலயும் நிக்கல. எங்க தெருவுல நடக்கிறதுக்குத்தான் சண்டை.

விஷயம் இதுதான். எங்க தெருவுல நடைபாதை கெடையாது. கனடாவுலயான்னு வாயைப் பொளக்காத. டொராண்டோங்கிறது 1998-ல ஆறு ஊரை ஒண்ணாக் கட்டிப்போட்டு ஒரே நகரமாக்கினது. பழைய டவுன் பக்கம் நடைபாதை உண்டு. எங்க ஸ்கார்பரோ, நார்த் யார்க், எடோபிகோ பக்கமெல்லாம் ரெண்டாம் உலகப் போர் முடிஞ்ச பெறகு, வீட்டுக்கொரு கார் இருக்கும்னு நெனச்சுக் கட்டின வீடுக. மனுசனுக்குக் காலும் இருக்கும்னு பல தெருவுல யாருக்கும் தோணலை. இப்ப ரோட்டைப் பேர்த்துப் புதுசாப் போடப் போறாங்க, அப்படியே ஒரு ஓரமா ரெண்டு மீட்டருக்குக் கான்கிரீட்ல நடைபாதையும் போடுறோம்னு சொல்லிக் கடுதாசி வந்துச்சு. சாலைச் சாவே கூடாதுன்னு சுவீடன்காரன் 1997-ல ஆரம்பிச்ச திட்டம், 2016-ல டொராண்டோவும் எடுத்துக்கிருச்சு. 2019-ல இன்னும் கொஞ்சம் இறுக்கினாங்க. அதோட வாலுதான் எங்க தெருவுக்கு வந்திருக்கு.

கடுதாசி வந்த மறுவாரம் தெருவே ரெண்டாச்சு. "மரத்தைக் காப்போம், நடைபாதை வேண்டாம்"னு ஒரு போர்டு. "பிள்ளைகளைக் காப்போம், நடைபாதை வேண்டும்"னு இன்னொரு போர்டு. ரெண்டும் எங்க பிரஸ்லதான் அடிச்சது. ஆமாக்கா, சிவகாசியில எல்லாக் கட்சிக்கும் ஒரே மிஷின்ல போஸ்டர் ஓட்டிப் பழகின கை. இங்க பிளாஸ்டிக் அட்டையில ஓடுது, அம்புட்டுத்தான் வித்தியாசம். மரத்துக்காரங்களுக்குப் பச்சை, பிள்ளைக்காரங்களுக்கு மஞ்சள். பச்சை கொஞ்சம் தூக்கலா வந்துருச்சு, நம்ம காலண்டர் முருகனுக்குப் பின்னால இருக்கிற வயக்காட்டுப் பச்சை. "இவ்வளவு அழகான பச்சையை நான் பார்த்ததே இல்லை"ன்னு ஒரு வெள்ளைக்காரம்மா சொல்லிட்டுப் போனாங்க. இதை மச்சானுக்குச் சத்தமாவே வாசி.

இப்ப அந்தப் புல்லு கதையைச் சொல்றேன், அதைச் சொல்லாம இந்தச் சண்டை உனக்குப் புரியாது.

வீட்டுக்கு முன்னாடி நான் ஞாயித்துக்கிழமைதோறும் புல்லு வெட்டுறதை நீ பார்த்திருக்க. அந்தப் புல்லுத்தரையில பாதி என்னோடது இல்லக்கா. வெள்ளைக்காரன் இங்க தெருவை அளந்தப்ப ஒரு செயின் அகலம்னு விட்டிருக்கான். 66 அடி. நம்ம தாத்தாகிட்டப் பட்டாவுக்குக் கோழி வாங்கித் தின்ன சர்வேயர் இழுத்தாரே, அதே செயின்தான். தார் போட்டது அதுல பாதிகூட இல்ல. மிச்சம் ரெண்டு பக்கமும் புல்லா நிக்கிது, நகராட்சி நிலம். நிலம் அவங்களோடது, ஆனா வளர்ற புல்லுக்கு நான் பொறுப்பு. புல்லு 20 சென்டிமீட்டருக்கு மேல வளரக் கூடாதுன்னு சட்டம். 21 வந்தா யாராவது 311-ன்னு ஒரு நம்பருக்குப் போன் போடலாம், ஆள் வந்து பார்ப்பாங்க, நோட்டீஸ் வரும். அப்பவும் வெட்டலைன்னா அவங்களே வெட்டிட்டு வெட்டுக்கூலியை நம்ம தலையில கட்டுவாங்க.

எனக்கு இதுவரைக்கும் நோட்டீஸ் வந்ததில்ல. ஆனா பயம் வந்துருச்சு. பிரஸ்ல இருந்து ஒரு ஸ்டீல் ஸ்கேலை எடுத்துட்டு வந்து வச்சிருக்கேன். மழை பெஞ்ச மறுநாள் காலையில லுங்கியோட மண்டி போட்டு அளப்பேன். எந்தப் புல்லை அளக்கிறதுங்கிறது இன்னொரு பிரச்னை. நெட்டையா ஒண்ணு நிக்கும், சுத்தி எல்லாம் குட்டையா இருக்கும். சராசரியா, உச்சமான்னு சட்டத்துல எனக்குப் புரியலை. நட்டுக்க நிக்கிற புல்லா, இழுத்துப் பிடிச்சு நீட்டின புல்லாங்கிறதும் புரியலை. உன் நாத்தனா வீட்டு ஆடு ரெண்டை ஒரு மணி நேரம் கட்டி விட்டா மில்லிமீட்டர் சுத்தமா முடிச்சிரும், ஆனா ஆடு வளர்க்கக் கூடாதுன்னு அதுக்கு வேற ஒரு சட்டம் இருக்கு. கரிசக்காட்டுல ஒரு பிடி புல்லுக்கு ரெண்டு மைல் அலைஞ்ச குடும்பம் நம்மது. அந்தக் குடும்பத்துப் பிள்ளை இங்க நல்ல புல்லா வெட்டிக் காகிதப் பையில கட்டிக் குப்பைக்குப் போடுறான். அப்பா இருந்திருந்தா அந்த ஸ்கேலாலயே போட்டிருப்பாரு.

இம்புட்டுப் பாடுபட்டு வளர்த்த புல்லுல ரெண்டு மீட்டரைக் கான்கிரீட்டு போடப் போறேன்னா வலிக்குமா வலிக்காதா? நகராட்சி நிலம்னு எல்லாருக்கும் தெரியும். அனுபவ பாத்தியதைன்னு நம்ம பக்கம் சொல்ற வார்த்தை இவங்களுக்குத் தெரியாது, குணம் மட்டும் அச்சா அதே குணம். (மனசுக்குள்ள வாசி: மச்சான் வாசப்படியை ரோட்டுக்கு ரெண்டு அடி இறக்கிக் கட்டி, அதுக்கு மேல தகரமும் போட்டு, அதுக்கு அடியில பைக்கையும் நிறுத்தியிருக்காரே, அதைப் பத்தி நான் ஒண்ணும் சொல்லலை.)

பக்கத்து வீட்டு இத்தாலித் தாத்தாதான் எதிர்க்கட்சித் தலைவர். நம்ம வாசல்ல அம்மா பார்த்த போர்டு அவர் நட்டது, எல்லையைத் தாண்டி ஒரு சாண் இந்தப் பக்கம். தங்கமான மனுசன். கொல்லையில ஒரு அத்திமரம் வச்சிருக்கார். குளிர் வர்றதுக்கு முன்னாடி அதை வேரோட ஒரு பக்கம் தளர்த்தி, வளைச்சு, குழியில படுக்க வச்சு, பலகையும் மண்ணும் போட்டு மூடிருவார். ஏப்ரல்ல தோண்டி நிமித்துவார். ஆகஸ்ட்ல ஒரு தட்டு நிறைய அத்திப்பழம் நம்ம வீட்டுக்கு வரும். அந்தத் தட்டை நெனச்சாத்தான் அவர் போர்டைப் பிடுங்கக் கை வரமாட்டேங்குது.

பள்ளிக்கூடத்து ஹால்ல நகராட்சிக்காரங்க கூட்டம் போட்டாங்க. மேப்பு, பிஸ்கட், காப்பி, மைக்கு. ஒருத்தர் மரத்தோட வேர் அறுபடும்னாரு, அது நெசம். ரெண்டு கார் நிறுத்துற வாசல்ல ஒண்ணுதான் நிறுத்த முடியும்னு இன்னொருத்தர், அதுவும் நெசம். நடைபாதையில விழுற பனியை யார் தள்றதுன்னு ஒரு அம்மா அழாத குறை. முந்தி பழைய டவுன் பக்கம் வீட்டுக்காரங்கதான் பனி நின்ன 12 மணி நேரத்துக்குள்ள தள்ளணும். 2021 கடைசியில இருந்து ஊர் பூரா நகராட்சி மிஷினே தள்ளுது. அதைச் சொன்னாங்க, அந்த அம்மா நம்பலை. இன்னொருத்தர் எந்திரிச்சு, "இது ஒரு கிராமம் மாதிரி தெரு, அந்த அழகைக் கெடுக்காதீங்க"ன்னாரு. கிராமம்னா எப்படி இருக்கும்னு எனக்குச் சொல்ல வாய் துறுதுறுன்னு வந்துச்சு. என் வீட்டுக்காரி தொடையில கிள்ளி உக்கார வச்சுட்டா.

அப்பத்தான் கரவெட்டி அம்மா எந்திரிச்சாங்க. யாழ்ப்பாணத்துக்காரங்க, எங்க வீட்டுல இருந்து நாலு வீடு தள்ளி மக வீட்டுல இருக்காங்க. நாலு சக்கரம் வச்ச தள்ளுவண்டியைப் பிடிச்சுக்கிட்டுத்தான் நடப்பாங்க. பனிக்காலத்துல ரோட்டை வழிச்சு ஓரத்துல ஆள் உயரத்துக்குப் பனியை ஒதுக்கிப் போடுவாங்க பாரு, அப்ப ஓரம்னு ஒண்ணே இருக்காது. கார் போற தடத்துலயேதான் தள்ளுவண்டியும் போகணும். பேத்தி பக்கத்துல நின்னு இங்கிலீஷ்ல சொல்ல, இவங்க தமிழ்ல பேசினாங்க: "ஷெல்லடிக்குத் தப்பி வந்தனான். இஞ்ச பால் வாங்கப் போய்ச் சாகவோ?" பேத்தி ரெண்டு தடவை யோசிச்சுட்டு, "பாட்டி நடைபாதையை ஆதரிக்கிறாங்க"ன்னு மட்டும் சொல்லிச்சு. எனக்கு அந்தப் பிள்ளை மேல அப்படி ஒரு கோவம்.

பெறகு இத்தாலித் தாத்தா பேசினாரு. "நான் இங்க வந்ததுல இருந்து இந்தத் தெருவுல ஒருத்தருக்கும் அடிபட்டதில்லை. நம்ம தெருவுல எல்லாரும் பார்த்துத்தான் ஓட்டுவாங்க"ன்னாரு. ஹால்ல பாதி கை தட்டுச்சு.

எனக்குக் கை வரலைக்கா. இந்த வார்த்தையை நான் இங்கிலீஷ்ல கேக்குறது அன்னைக்குத்தான் முதல் தடவை. தமிழ்ல கேட்டே வளர்ந்தவன். பட்டாசுக் கம்பெனியில ஒரு ரூம்ல நாலு பேருக்கு மேல உக்காரக் கூடாதுன்னு செவுத்துல எழுதி வச்சிருப்பாங்க, அந்த எழுத்துக்குக் கீழயே எத்தனை பேர் உக்காந்து மருந்து அடைச்சாங்கன்னு நம்ம பக்கத்துல தெரியாதவங்க உண்டா? கேட்டா, "இத்தனை வருசமா ஒண்ணும் ஆகலையே"ம்பாங்க. 2021 பிப்ரவரி 12-ந் தேதி வரைக்கும் நம்ம அச்சங்குளத்துலயும் ஒண்ணும் ஆகலைதான். அன்னைக்குப் பட்டாசுக் கம்பெனி வெடிச்சுப் போன உசுரு இருபதுக்கு மேல. அதுவரைக்கும் எந்த ஊருன்னு கேட்டா இங்க சிவகாசின்னு சொல்லிட்டுப் போயிருவேன். அதுக்கப்புறம் அச்சங்குளம்னு சொன்னா, "செய்தியில வந்துச்சே, அந்த ஊரா?"ன்னு தமிழ் ஆளுக கேக்குறாங்க. நம்ம ஊருக்கு அப்படி ஒரு பேரு வேண்டாம்னு தோணும்.

அதனால இவ கிள்ளுனதையும் மீறி எந்திரிச்சேன். என் இங்கிலீஷ் உனக்குத் தெரியும், மிஷின் மாதிரி, சூடாகணும். பட்டாசு செய்யிற ஊர்ல இருந்து வர்றேன், ஒண்ணும் ஆகலைங்கிறது பாதுகாப்பு இல்லை, ஆகுறதுக்கு முந்தின நாள் வரைக்கும் எல்லா ரூமும் ஒண்ணும் ஆகாத ரூம்தான்னு சொன்னேன். ஹால் அமைதியாச்சு. பேசிட்டு உக்கார்றப்ப எனக்கே லேசா நெஞ்சு நிமிந்துச்சு. கூட்டம் முடிஞ்சு காப்பி வாங்குற எடத்துல ஒருத்தர் தோளைத் தொட்டு, ரொம்ப மனசைத் தொட்ட பேச்சுன்னு சொல்லிட்டு, ஜூலை ஒண்ணு கனடா தினத்துக்கு வாணவெடி கொஞ்சம் சல்லிசா வாங்கித் தர முடியுமான்னு கேட்டாரு. இங்க கடையில விக்கிறது பெரும்பாலும் சீனா சரக்கு. அதைச் சொன்னதும் ஆளு அடுத்த பிஸ்கட்டுக்குப் போயிட்டாரு.

கடைசியில நகராட்சி இஞ்சினியரம்மா மேப்பைத் திருப்பிக் காட்டி, ரெண்டு பக்கமும் இல்லை, ஒரு பக்கம்தான் போடப் போறோம், எந்தப் பக்கம்னு இன்னும் முடிவாகலைன்னாங்க. அதோட கட்சியெல்லாம் கலைஞ்சுபோச்சு. மரம், பிள்ளைக, கிராமத்து அழகு, ஒண்ணையும் காணோம். ஒற்றைப்படை நம்பர் வீட்டுக்காரங்க எல்லாம் இரட்டைப்படைப் பக்கம் போடுங்கன்னும், இரட்டைப்படை வீட்டுக்காரங்க ஒற்றைப்படைப் பக்கம் போடுங்கன்னும் நிக்கிறாங்க. பிரஸ்ஸுக்குப் புது ஆர்டரே வந்துருச்சு: "நடைபாதை வேண்டும், எதிர்ப்பக்கம்." ஊதா கலர்ல அடிச்சுக் கொடுத்தோம். நம்ம வீடு ஒற்றைப்படை. நான் போர்டு வாங்கலை. எந்தப் பக்கம் போட்டாலும் சரின்னு கையெழுத்துப் போட்ட வீடு மூணு, கரவெட்டி அம்மா வீடும் நம்ம வீடும் அதுல சேத்தி. இவளுக்குக் காரை எங்க நிறுத்துறதுன்னு கவலை. முடிவு வசந்தத்துல தெரியுமாம்.

இதையெல்லாம் உனக்கு எழுதுறப்ப ஒரு பக்கம் வெக்கமாத்தான் இருக்கு. நம்ம நாட்டுல 2022-ல மட்டும் ரோட்டுல நடந்து போனவங்க 32,000 பேருக்கு மேல செத்திருக்காங்க. நடைபாதை உசுரு வாழுற உரிமையில ஒரு பங்குன்னு 2025 மே மாசம் சுப்ரீம் கோர்ட்டே சொல்லியிருக்கு. ஏழாயிரம்பண்ணை ரோட்டுல விடியக்காலம் கம்பெனி வண்டிக்கு நிக்கிற பொம்பளைகளுக்கு அது இன்னும் தெரியாது. மழை பெஞ்சா தார் ஓரம் இறங்கவே முடியாது, சகதி. இறங்காட்டி முதுகுல லாரி ஆரன். நான் அந்த ரோட்டுல சைக்கிள்ல போனப்ப ஒண்ணும் ஆகலை, அதனால அது நல்ல ரோடுன்னு இத்தனை நாளும் நெனச்சுக்கிட்டு இருந்தேன்.

பாப்பா டியூஷன் முடிஞ்சு இருட்டுல நடந்துதானே வருது? தோழிகளோட கை கோத்து மூணு பேரு வரிசையா வர்ற பழக்கத்தை விடச் சொல்லு. ரோட்டுக்கு வலது பக்கமா, எதிர்ல வர்ற வண்டி கண்ணுல படுற மாதிரி, ஒருத்தர் பின்னால ஒருத்தரா நடக்கணும். கறுப்புத் துணி வேண்டாம். பையில ஒரு டார்ச்சு போட்டு விடு, பேட்டரிக்கு மச்சான்கிட்டக் காசு கேக்காத, நான் அனுப்புறேன்.

இப்படிக்கு,
தம்பி