எதிர்வண்டியின் இன்சூரன்ஸ்: உளதோ, இலதோ?

ஓரமாக நிறுத்திவைத்த காரை இன்னொரு வண்டி வந்து இடித்தால், இடித்த வண்டியின் இன்சூரன்ஸ் கம்பெனி பணம் தரும் என்பது உலகோர் துணிபு. அப்படியொரு கம்பெனி மெய்யாகவே உளதா என்பதைக் காண்டல், கருதல், உரை என்று சைவ சித்தாந்திகள் கைக்கொண்ட மூன்று அளவைகளால் ஆராயப் புகுகிறோம். ஆய்வுக் களம்: சென்னையின் ஏதோ ஒரு குறுக்குத் தெரு.

முதலில் கருதல். புகை கண்டவிடத்து நெருப்பு உண்டு. கதவில் மஞ்சள் தீற்றல் கண்டவிடத்து ஆட்டோ உண்டு. பள்ளி வேனும் மஞ்சள்தானே எனின், அற்றன்று. வேன் உரசினால் தீற்றல் மேலே விழும், ஆட்டோ உரசினால் முழங்கால் உயரத்தில் விழும் என்பது டிங்கரிங் பட்டறை மரபு. ஆயினும் இவ்வளவை வண்டியின் இனத்தைத் தருமேயன்றி நம்பரைத் தராது.

அடுத்து உரை. தெருமுனை இஸ்திரிக்காரரே இங்கு ஆப்தர். "வெள்ளைக் கார் சார். ரிவர்ஸ் எடுத்தான், டமால்னுச்சு, போய்ட்டான்." அதற்கு மேல் அவர் வாயைக் கிளறுவது வேட்டி மடிப்பைக் கலைக்கும்.

எஞ்சியது காண்டல். எப்படியோ நம்பர் கிடைத்துவிட்டால், எம்-பரிவாகன் செயலியில் தட்டிய நொடியில் அந்த வண்டியின் காப்பீடு எதுவரை செல்லும் என்று தெரிந்துவிடும். ஆகவே கம்பெனி உளது. இங்கே ஆய்வை முடித்துக்கொள்பவர் மாணாக்கர். உளதாதல் வேறு, தருதல் வேறு என்று மேலே செல்பவரே ஆய்வாளர்.

1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 146ஆம் பிரிவுப்படி, தர்டு பார்ட்டி இன்சூரன்ஸ் இல்லாமல் வண்டி தெருவில் இறங்கக் கூடாது. பிறர் உடைமைக்குக் கார் விளைக்கும் சேதத்துக்கு அந்தப் பாலிசி வழக்கமாக 7.5 லட்சம் ரூபாய் வரை பொறுப்பேற்கும். (ஏழரையின் பலனைச் சோதிடர்கள் பார்த்துக்கொள்ளட்டும்.) பிரீமியத்தில் சில்லறை மிச்சம் பிடிக்க நினைத்தவர் அதை 6,000 ரூபாய்க்குச் சுருக்கிக்கொண்டிருக்கவும் கூடும்.

சரி, அந்தக் கம்பெனியிடமே கேட்டால்? "கோர்ட் ஆர்டர் கொண்டு வாங்க, குடுத்துடுவோம் சார்" என்பது மறுமொழி. கோர்ட் என்றது மோட்டார் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயம். சென்னையில் சிறு வழக்குகள் நீதிமன்றம் அதைக் கவனிக்கிறது. ஆறு மாதத்துக்குள் மனுப் போட வேண்டும். அதற்குமுன் போலீஸ் ஸ்டேஷன். "அடி யாருக்கு?" "வண்டிக்கு சார்." "ஆளுக்கு ஒண்ணும் இல்லைல்ல?" கேட்டவர் முகத்தில் நிம்மதி பரவும், எஃப்.ஐ.ஆர். கேட்டுப் போனவர் கையில் சி.எஸ்.ஆர். ரசீது வந்து சேரும். கதவு ஒடுங்கியதற்காக வக்கீல் வைத்து வாய்தா வாங்குவோர் அரியர்.

இந்த இடத்தில்தான் இடித்தவர் போனில் வந்து மகாவாக்கியத்தை அருளுவார்: "எதுக்கு சார் அலைச்சல்? உங்க இன்சூரன்ஸ்லயே போட்டுக்குங்க."

அதன் உட்பொருளை விரித்துரைப்போம். தன் பாலிசியில் கிளைம் போட்டவருக்கு நோ கிளைம் போனஸ் போய்விடும். முதலாண்டு 20 சதவீதத்தில் தொடங்கி, ஐந்தாண்டு பொறுமையில் 50 சதவீதம் வரை வளர்ந்த தள்ளுபடி அது. 1,500 சி.சி. வரையுள்ள காருக்கு முதல் 1,000 ரூபாய் எப்படியும் கைக்காசு. 'பம்பர் டு பம்பர்' எடுக்காதவருக்குப் பிளாஸ்டிக் பம்பரின் விலையில் பாதிதான் கிடைக்கும். ஆக, இடித்தவர் வாக்கியத்தை மட்டும் தந்தார். மற்றதெல்லாம் இடிபட்டவர் தந்தார். சட்டம் முழுக்க நம் பக்கம் இருந்தும் செலவு நம் பக்கமே சாய்வதைத் தருக்க நூலார் எப்படி விளக்குவரோ, அறியோம்.

இனிப் படிவம். விபத்து நேரத்தில் வண்டியை ஓட்டியவர் பெயர், லைசென்ஸ் எண், வண்டி சென்ற வேகம் என்று கேள்விகள் வரிசையாக நிற்கும். வண்டி பூட்டிக் கிடந்தது, உரியவர் மூன்றாம் மாடியில் தயிர்சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார் என்று எழுத அங்கே இடமில்லை. ஓட்டியவர் என்ற இடத்தில் 'எவருமிலர்' என்று எழுதிக் கொடுத்தால், சர்வீஸ் சென்டர் தம்பி அன்போடு திருப்பித் தருவார்: "டிரைவர் பேரு இல்லாம சிஸ்டம் எடுக்காது சார். உங்க பேரையே போட்டு, லைசென்ஸ் ஜெராக்ஸ் ஒண்ணு குடுத்துடுங்க."