கட்டைவிரல் காணிக்கை

(இந்த இதழ் முழுக்கக் கல்லூரிப் பிள்ளைகளின் கேள்விகள். எல்லாம் போன், இன்டர்நெட், ஏ.ஐ. பற்றியவை.)

பி.சி.ஏ. முதலாண்டு மாணவர், திண்டுக்கல்

கே: இன்டர்நெட்டில் போன முதல் செய்தி எது?

ப: 'எல்', 'ஓ'. 1969 அக்டோபர் 29 இரவு, கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலஸ் வளாகத்திலிருந்து ஸ்டான்ஃபோர்டு ஆய்வு மையத்துக்கு 'லாகின்' என்று தட்டத் தொடங்கினார் சார்லி க்ளைன். இரண்டு எழுத்து போய்ச் சேர்ந்ததும் எதிர்முனைக் கம்ப்யூட்டர் படுத்துவிட்டது. தட்டியவர் ஒரு மாணவர். ஆக, இன்டர்நெட்டும் 'சர்வர் டவுனும்' இரட்டைப் பிள்ளைகள். இரண்டுக்கும் பிரசவம் பார்த்தது உங்கள் ஜாதி.

விஸ்காம் இரண்டாமாண்டு மாணவி, மதுரை

கே: ஐந்து நிமிஷம் என்று ரீல்ஸைத் திறக்கிறேன், ஒரு மணி நேரம் போய்விடுகிறது. எனக்கு மட்டும் மனக்கட்டுப்பாடு இல்லையா?

ப: பழியில் பாதிதான் உங்களுடையது. பக்கம் முடிந்தால் யாரும் நிமிர்ந்து மணி பார்ப்பார்கள். அந்த முடிவையே எடுத்துவிட்டார்கள். கீழே உருட்ட உருட்ட வந்துகொண்டே இருக்கும் பக்கத்தை 2006-ல் வடிவமைத்தவர் அஸா ராஸ்கின். அதற்காக வருந்துவதாகப் பிற்பாடு அவரே வெளிப்படையாகச் சொன்னார். இன்னொரு பக்கம், எந்தக் கொத்தலுக்குத் தீனி விழும் என்று தெரியாத புறா ஓயாமல் கொத்தும் என்பதை பி.எஃப். ஸ்கின்னர் சென்ற நூற்றாண்டிலேயே கூண்டில் வைத்துக் காட்டிவிட்டார். அடுத்த வீடியோ நன்றாக இருந்தாலும் இருக்கலாம் என்ற சந்தேகம்தான் தூண்டில்.

ஏகலைவன் கட்டைவிரலை ஒரே ஒரு முறை காணிக்கை கொடுத்தான், அதுவும் வித்தை கற்ற பிறகு. நீங்கள் தினம் கொடுக்கிறீர்கள். வித்தை எங்கே?

அதே மாணவி

கே: ஆப்பையே தூக்கிவிடட்டுமா?

ப: தூக்கினால் மூன்றாம் நாள் திரும்ப வரும். நோட்டிஃபிகேஷனை அணையுங்கள். ராத்திரி போனைப் படுக்கையிலிருந்து கைக்கு எட்டாத இடத்தில் சார்ஜுக்குப் போடுங்கள். எழுந்து நடந்து போய்த்தான் எடுக்க வேண்டும் என்றால், உங்கள் சோம்பேறித்தனமே உங்களுக்குக் காவல் நிற்கும்.

பொறியியல் மாணவர், சென்னை

கே: இன்டர்நெட் சாட்டிலைட் வழியாகத்தானே வருகிறது?

ப: மேலே பார்க்காதீர்கள், கீழே பாருங்கள். கண்டம் விட்டுக் கண்டம் போகும் தகவலில் மிகப் பெரும்பகுதி கடலடிக் கேபிளில்தான் போகிறது. தலைமுடி கனத்துக் கண்ணாடி இழைக்குள் ஒளியாக ஓடுகிறது. இந்தியாவில் அந்தக் கேபிள்கள் கரையேறும் முக்கியமான ஊர்களில் உங்கள் சென்னையும் ஒன்று. இங்கிருந்து சிங்கப்பூருக்குப் போகிறது. அந்தமானுக்கும் 2020 ஆகஸ்டில் சுமார் 2,300 கிலோமீட்டருக்கு ஒன்று திறந்தார்கள். நீங்கள் மேகத்தில் ஏற்றியதாக நினைக்கும் செல்ஃபி வங்கக்கடலில் சுறாவுக்குப் பக்கத்தில் போய்க்கொண்டிருக்கிறது.

பி.காம். மாணவி, ஈரோடு

கே: எல்லாவற்றையும் இலவசமாகக் கொடுத்தால் இந்தக் கம்பெனிகளுக்கு என்னதான் லாபம்?

ப: வணிகவியல் மாணவி கேட்க வேண்டிய கேள்வி. நீங்கள் ஒரு பக்கத்தைத் திறந்து கண் சிமிட்டுவதற்குள், அதில் யாருடைய விளம்பரம் நிற்பது என்று கம்ப்யூட்டர்களுக்குள் ஏலம் நடந்து முடிந்துவிடுகிறது. தகவல் பெருகினால் கவனம் அருகிப்போகும் என்று 1971-லேயே கணித்தவர் ஹெர்பர்ட் சைமன். 1978-ல் பொருளாதார நோபல் அவருக்கு வந்தது. ஏலக்கடையில் எது விற்கிறது, யார் வாங்குகிறார் என்று ஒரு லெட்ஜர் போட்டுப் பாருங்கள். சரக்குப் பத்தியில் உங்கள் பெயர் இருக்கும்.

மாணவர், தஞ்சாவூர்

கே: 'வெப்'பைக் கண்டுபிடித்தவர் எத்தனை கோடி சம்பாதித்தார்?

ப: டிம் பெர்னர்ஸ்-லீ 1989-ல் ஜெனீவா பக்கத்து செர்ன் ஆய்வுக்கூடத்தில் யோசனையை எழுதிக் கொடுத்தார். 1993 ஏப்ரல் 30 அன்று, யார் வேண்டுமானாலும் ராயல்டி இல்லாமல் எடுத்துக்கொள்ளலாம் என்று செர்ன் அறிவித்தது. க்ளிக்குக்கு ஒரு பைசா என்று வைத்திருந்தால், இந்தக் கேள்வி எனக்கு அஞ்சலட்டையில்தான் வந்திருக்கும்.

பி.எஸ்சி. மாணவி, வேலூர்

கே: எங்கள் குடும்ப குரூப்பில் பெரியப்பா தினமும் பொய்ச் செய்தி ஃபார்வேர்டு செய்கிறார். பெரியவரை எப்படித் திருத்துவது?

ப: குரூப்பில் வைத்துத் திருத்தாதீர்கள். நாலு பேர் முன்னால் மடக்கினால் அவர் செய்தியை விடமாட்டார், உங்களைத்தான் விடுவார். தனியாகப் போன் போட்டு, "பெரியப்பா, இந்தப் படம் எங்கே எடுத்ததுன்னு பார்த்தீங்களா?" என்று கேளுங்கள். அந்தப் படத்தைக் கூகுள் லென்ஸில் போட்டால் பெரும்பாலும் வேறு ஊர், வேறு வருஷம் என்று வந்து நிற்கும். அதை அவருக்கே செய்து பார்க்கக் கற்றுக்கொடுங்கள். கற்றுக்கொண்டால் குரூப்பில் அவர்தான் போலீஸ்.

விளையாட்டாக விடாதீர்கள் என்று உங்கள் பக்கத்து மாவட்டத்தை வைத்தே சொல்கிறேன். 2018 மே மாதம் திருவண்ணாமலை மாவட்டத்தில், கோயிலுக்குக் காரில் போன ஒரு மூதாட்டி வழியில் பார்த்த குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்தார். பிள்ளை பிடிக்கிற கும்பல் சுற்றுகிறது என்று அதற்கு முன்பே வாட்ஸ்அப்பில் வதந்தி ஓடிக்கொண்டிருந்தது. ஊர் கூடி அடித்தது, அந்த அம்மா இறந்துபோனார். அந்த ஆண்டு நாடு முழுவதும் இப்படிப் பல சாவுகள். அதன் பிறகுதான் இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து பேர் அல்லது குரூப்புக்கு மேல் ஃபார்வேர்டு செய்ய முடியாதபடி வாட்ஸ்அப் வரம்பு வைத்தது.

ஐந்து என்பது கம்பெனி போட்ட கணக்கு. தெரியாத செய்திக்கு உங்கள் வீட்டுக் கணக்கு பூஜ்யமாக இருக்கட்டும்.

மாணவர், நாகர்கோவில்

கே: ஸ்மைலி யார் மூளை?

ப: கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் ஸ்காட் ஃபால்மன், 1982 செப்டம்பர் 19. கம்ப்யூட்டரில் எழுதிய ஜோக்கைச் சிலர் நிஜமென்று நம்பிச் சண்டைக்கு வந்தார்கள். அதனால் முக்கால்புள்ளி, கோடு, அடைப்புக்குறி மூன்றையும் சேர்த்துச் சிரிக்க வைத்தார். சமாதானத்துக்கு நிறுத்தற்குறி போட்ட ஒரே புண்ணியவான்.

பி.ஏ. ஆங்கிலம், திருச்சி

கே: ஏ.ஐ.யிடம் அசைன்மென்ட் எழுதி வாங்கினால் என்ன தப்பு?

ப: 2023-ல் நியூயார்க்கில் இரண்டு வக்கீல்கள் சாட்ஜிபிடி சொன்ன தீர்ப்புகளை மேற்கோள் காட்டி மனுத் தாக்கல் செய்தார்கள். அப்படிப்பட்ட வழக்குகளே கிடையாது, எல்லாம் மெஷின் கட்டிய கதை. நீதிபதி 5,000 டாலர் அபராதம் விதித்தார். உங்கள் பேராசிரியர் அபராதம் போட மாட்டார். அரியர் போடுவார்.

எழுதி முடித்ததைக் கொடுத்து "இதில் எங்கே சறுக்கியிருக்கிறேன்?" என்று கேளுங்கள், நல்ல துணை. எழுதுவதையே ஒப்படைத்தால், மூன்று வருஷ ஃபீஸ் கட்டி மெஷினைப் படிக்க வைத்தவர் ஆவீர்கள்.

பெயர் வேண்டாம் என்ற மாணவர், கோவை

கே: விடுதியில் நண்பர்கள் குறைவு. சாட்பாட்டிடம்தான் மனம் விட்டுப் பேசுகிறேன். தப்பா?

ப: தப்பில்லை, தம்பி. 1966-ல் எம்.ஐ.டி.யின் ஜோசப் வைசன்பாம் 'எலிசா' என்று ஒரு எளிய புரோகிராம் செய்தார். நாம் சொன்னதையே திருப்பிக் கேள்வியாகக் கேட்கும், அவ்வளவுதான். அது உருவானதைப் பக்கத்தில் இருந்து பார்த்த அவருடைய செக்ரட்டரியே, அதோடு தனியாகப் பேச வேண்டும், அறையை விட்டுப் போங்கள் என்று அவரைக் கேட்டாராம். காது கொடுக்க ஆள் வேண்டும் என்பது மனுஷ இயல்பு.

ஆனால் உங்களுக்குக் காய்ச்சல் என்றால் மெஸ்ஸிலிருந்து கஞ்சி வாங்கி வர எலிசாவுக்குக் கால் இல்லை. பக்கத்து அறைக் கதவைத் தட்டுங்கள். அங்கேயும் ஒருவன் சாட்பாட்டிடம் பேசிக்கொண்டிருப்பான்.

சட்டக் கல்லூரி மாணவி, செங்கல்பட்டு

கே: ஃபேஸ்புக்கில் ஒரு கருத்துப் போட்டால் போலீஸ் பிடித்துப் போகுமா?

ப: 2012 நவம்பரில் மகாராஷ்டிரத்தில் பிடித்தது. ஒரு பெண் பதிவு போட்டார், இன்னொரு பெண் லைக் போட்டார், இரண்டு பேரும் கைது. அதைக் கேள்விப்பட்டு உச்ச நீதிமன்றப் படி ஏறியவர் ஸ்ரேயா சிங்கால், அப்போது உங்கள் வயதுக்காரர். 2015 மார்ச் 24 அன்று தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவையே நீதிமன்றம் ரத்து செய்தது. அவதூறு, மிரட்டல், வெறுப்பைத் தூண்டுவது எல்லாம் இன்றும் குற்றம்தான், அதில் சலுகை கேட்காதீர்கள்.

அன்றைக்கு கமெண்டில் பொங்கியவர்கள் ஏராளம். சட்டத்தை அசைத்தது ஒரு ரிட் மனு. நீங்கள் சேர்ந்திருக்கும் படிப்பு எதற்கு என்று இப்போது தெரிகிறதா?

மாணவர், சேலம்

கே: ரிங் லைட், மைக், கேமரா வாங்கப் பணமில்லை. யூடியூப் சேனல் தொடங்க முடியுமா?

ப: யூடியூபின் முதல் வீடியோ 2005 ஏப்ரல் 23-ல் ஏறியது. அதன் நிறுவனர்களில் ஒருவரான ஜாவேத் கரீம் சான் டியேகோ உயிரியல் பூங்காவில் யானைகளுக்கு முன்னால் நின்று, அவற்றுக்குத் தும்பிக்கை நீளம் என்கிறார். மொத்தம் 19 நொடி. அடுத்த வருஷம் அந்தக் கம்பெனியை கூகுள் 165 கோடி டாலருக்கு வாங்கியது. சொல்ல விஷயம் இருந்தால் வெயிலே லைட்டிங்.

மாணவி, கும்பகோணம்

கே: அம்மாவுக்கு 'டிஜிட்டல் அரெஸ்ட்' என்று வீடியோ கால் வந்தது. பயந்து நடுங்கிவிட்டார்.

ப: இந்தியச் சட்டத்தில் அப்படி ஒரு கைதே கிடையாது. காக்கிச் சட்டை, பின்னால் அசோகச் சின்னம், மேஜையில் கொடி எல்லாம் செட் பிராப்பர்ட்டி. அழைப்பைத் துண்டியுங்கள், 1930-க்குப் போன் போடுங்கள். பணம் போயிருந்தால் யோசித்துக்கொண்டிருக்காமல் உடனே போடுங்கள், சீக்கிரம் சொன்னால்தான் வழியில் மடக்க வாய்ப்பு அதிகம். யு.பி.ஐ.யில் பணம் வாங்க பின் நம்பர் தேவையே இல்லை, கொடுக்கத்தான் தேவை என்பதையும் அம்மாவுக்குச் சொல்லிவையுங்கள். கடவுச்சொல்லை மகளிடம் மறைக்கலாம், மிரட்டலை மறைக்கக் கூடாது என்று சேர்த்துச் சொல்லுங்கள்.

மாணவி, விருதுநகர்

கே: லைக் குறைந்தால் அன்றைக்கு முழுக்க மனசு சரியில்லை.

ப: 2009 பிப்ரவரி வரை ஃபேஸ்புக்கில் அந்தப் பட்டனே கிடையாது. பிடித்திருந்தால் பிடித்திருக்கிறது என்று எழுதித்தான் ஆக வேண்டும். உங்கள் படத்தைப் பாராட்டிய ஒருத்தியைப் பிடித்து, எது பிடித்தது, ஏன் என்று கேளுங்கள். அவள் யோசித்தால் அது பாராட்டு. விழித்தால் அது வெறும் விரல்.

மாணவர், புதுச்சேரி

கே: ஒரு முறை போட்ட பதிவு இன்டர்நெட்டில் என்றென்றும் இருக்குமா?

ப: அழிக்க நினைத்தது ஸ்கிரீன்ஷாட்டில் பிழைத்துக்கொள்ளும். காப்பாற்ற நினைத்தது கம்பெனியோடு உடன்கட்டை ஏறும். ஆர்குட்டை 2014 செப்டம்பர் 30-ல் மூடினார்கள். 2020 ஜூன் 29-ல் டிக்டாக்கை அரசு தடை செய்தது, பலருடைய வருஷக்கணக்கான உழைப்பு கைக்கெட்டாமல் போனது. நல்ல படைப்பின் மூலப் பிரதி உங்கள் ஹார்டு டிஸ்கில் இருக்கட்டும்.

எம்.ஏ. தமிழ், பாளையங்கோட்டை

கே: எல்லோரும் தங்கிலீஷில்தான் எழுதுகிறார்கள். தமிழில் டைப் செய்து என்ன ஆகப் போகிறது?

ப: தமிழை மெஷினுக்குள் ஏற்ற எத்தனை பேர் மெனக்கெட்டார்கள் தெரியுமா? மலேசியாவின் முத்து நெடுமாறன் எண்பதுகளிலேயே முரசு அஞ்சலைத் தொடங்கினார். சிங்கப்பூரின் நா. கோவிந்தசாமி தொண்ணூறுகளின் நடுவில் தமிழை வலைக்குக் கொண்டுவந்தார். 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தில், சம்பளம் வாங்காத தொண்டர்கள் பழந்தமிழ் நூல்களைத் தட்டெழுதி ஏற்றினார்கள், எழுத்துரு தகராறுகளுக்கு நடுவே. 1999-ல் சென்னையில் கூடிய தமிழிணையம் மாநாட்டுக்குப் பிறகு தமிழ்99 விசைப்பலகை வந்தது. உயிரெழுத்து இடக்கைக்கு, மெய் பெரும்பாலும் வலக்கைக்கு.

இன்று உங்கள் போனில் பேசினாலே தமிழ் எழுத்து விழுகிறது. தங்கிலீஷில் ஆளுக்கொரு ஸ்பெல்லிங், நாளை தேடினால் உங்களுக்கே அகப்படாது. ஏ.ஐ. மாடல்கள் எழுதிக் கிடப்பதை வைத்துத்தான் மொழி கற்கின்றன. தமிழ் எம்.ஏ.வே தமிழில் எழுதாவிட்டால் அவை யாரிடம் போய்ப் பாடம் கேட்கும்?

பி.எட். மாணவி, கரூர்

கே: விக்கிப்பீடியாவை நம்பலாமா?

ப: நம்புவதற்கு அல்ல, தொடங்குவதற்கு. கட்டுரையைப் படித்தவர் பாஸ், அடிக்குறிப்பைத் திறந்து பார்த்தவர் ஃபர்ஸ்ட் கிளாஸ். தப்பைக் கண்டதும் 'தொகு' என்ற பட்டனை அமுக்கியவர் டீச்சர்.

இயற்பியல் மாணவர், ஸ்ரீரங்கம்

கே: எழுத்தாளர் சுஜாதா இருந்திருந்தால் ஏ.ஐ. பற்றி என்ன எழுதியிருப்பார்?

ப: அவர் வாயில் நான் வசனம் வைக்க மாட்டேன். பெங்களூரு பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தில் மின்னணு வாக்குப்பதிவு இயந்திரம் உருவானதில் முக்கியப் பங்கு அவருக்கு உண்டு. மெஷினின் வயிற்றைத் திறந்து பார்த்த கை அது. முதலில் ஸ்க்ரூ டிரைவர், அப்புறம் பேனா.

இதழியல் மாணவி, சென்னை

கே: அச்சுப் பத்திரிகை செத்துவிடுமா? நான் தப்பான துறையில் சேர்ந்துவிட்டேனோ?

ப: தாள் போகலாம். தாலுகா ஆபீஸ் வாசலில் நின்று, ஃபைல் ஏன் நகரவில்லை என்று கேட்கிற ஆள் போகக் கூடாது. அந்த வேலைக்குத்தான் சேர்ந்திருக்கிறீர்கள். எதில் அச்சடிப்பது என்பது முதலாளியின் கவலை.

மறுபடியும் விஸ்காம் மாணவி, மதுரை

கே: சரி, படிப்பு முடிவதற்குள் இன்டர்நெட்டில் உருப்படியாக ஒன்று செய்ய வேண்டும். என்ன செய்யட்டும்?

ப: உங்கள் பக்கம் கண்மாய்க்குப் பஞ்சமில்லை. ஒன்றைப் பிடியுங்கள். மடை எத்தனை, கலுங்கு எங்கே, வரத்துக்கால் எதன் மேல் வீடு கட்டியிருக்கிறார்கள், கடைசியாக எந்த வருஷம் மறுகால் பாய்ந்தது? கேமராவை எடுத்துக்கொண்டு போய், வயல்களுக்குத் தண்ணீர் திறந்துவிடும் நீர்பாய்ச்சியைத் தேடிப் பிடித்துக் கேளுங்கள். அவரைப் பேச விடுங்கள், பின்னணி இசை வேண்டாம். படத்தை யூடியூபில் போடுங்கள், புகைப்படங்களை விக்கிமீடியா பொதுவகத்தில் ஏற்றுங்கள். வரத்துக்கால் கணக்கை ஊராட்சிக்கும் ஒரு பிரதி கொடுங்கள், மழைக்கு முன்னால் அவர்களுக்கு உதவும். பல ஊர்களில் நீர்பாய்ச்சிக்கு எழுபது வயது தாண்டிவிட்டது, அந்த வேலைக்கு அடுத்த ஆள் இல்லை. செமஸ்டர் லீவு வரை காத்திருக்காதீர்கள். இந்தச் சனிக்கிழமையே போங்கள்.