ஆறரை மணி நேர அமெரிக்கா

தூரத்தைக் கிலோமீட்டரில் சொன்னால் நம் ஆட்களுக்குத் திருப்தி வராது. மதுரை எவ்வளவு தூரம் என்றால், "ராத்திரி பஸ் ஏறினா விடியக்காலை" என்பதுதான் பதில். சிங்கப்பூரில் குடியிருக்கும் நான் நியூயார்க் போகப்போவதாகச் சொன்னதும் கும்பகோணத்து மாமனார் டிக்கெட்டை அனுப்பச் சொன்னார். பார்த்தார். கழித்தார்.

"நடுராத்திரி கிளம்பிக் காலையில ஆறரைக்கு இறங்குறீங்க மாப்பிள்ளை. ஆறரை மணி நேரம்தானே! இங்கேருந்து மெட்ராஸுக்கே அவ்வளவு ஆகுது."

உலகிலேயே மிக நீண்ட இடைநில்லா விமானப் பாதை அது. 15,300 கிலோமீட்டருக்கு மேல். பயணம் ஏறக்குறைய பதினெட்டரை மணி நேரம். கோடையில் நியூயார்க் கடிகாரம் சிங்கப்பூருக்குச் சரியாக 12 மணி நேரம் பின்தங்கி ஓடும். முள் கடிகாரம் கட்டியிருந்தால் திருப்பக்கூட வேண்டாம். குளிர்காலத்தில் வித்தியாசம் 13 மணி நேரம் ஆகிவிடும். மாமாவின் கணக்கில் பயணம் இன்னும் குறைந்துவிடும்.

"அப்போ அந்தப் பன்னிரண்டு மணி நேரம் எங்கே போச்சு?" என்றார். திரும்பும்போது கொடுத்துவிடுவேன் என்றேன்.

2004-இல் சிங்கப்பூரிலிருந்து நியூயார்க்கை ஒட்டிய நியூவார்க்குக்கு நான்கு எஞ்சின் விமானத்தை விட்டார்கள். அது குடித்த எரிபொருளுக்குக் கட்டுப்படியாகாமல் 2013-இல் நிறுத்தினார்கள். 2018-இல் இரண்டு எஞ்சின் ஏர்பஸ் ஏ350-இன் நெடுந்தூர வகை வந்தது. 1,65,000 லிட்டர் எரிபொருள் கொள்ளும், இருக்கைகளோ 161தான். எடை குறைந்தால்தானே அவ்வளவு தூரம் பறக்க முடியும்? அதனால் எகானமி வகுப்பே கிடையாது. என் போன்றவர்களின் எடை முதலில் பர்ஸில்தான் குறைகிறது.

இன்னொரு வேடிக்கை. உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக ஓடும் காற்று முதுகில் தள்ளினால் எரிபொருள் மிச்சம். அதனால் போகும்போது பசிபிக் பக்கமாகக் கிழக்கே போகிறார்கள். திரும்பும்போதும் பெரும்பாலும் அட்லாண்டிக், ஐரோப்பா வழியாகக் கிழக்கேதான். போய்வந்தால் பூமியை ஒரு சுற்று சுற்றியாகிவிட்டது.

"பூப்பிரதட்சிணம்! புண்ணியம்" என்றார் மாமா. வடதுருவம் இடது கைப்பக்கம் இருப்பதால் அது அப்பிரதட்சிணம் என்றேன். தென்துருவத்தை நினைத்துக்கொண்டு பறக்கும்படி யோசனை சொன்னார்.

திரும்பும்போது கணக்கு நேரானது. நியூயார்க்கில் புதன் இரவு பத்து மணிக்கு ஏறினால், சிங்கப்பூரில் வெள்ளி விடியற்காலை இறங்கலாம். வியாழக்கிழமை முழுக்க ஆகாயத்திலேயே செலவு. "அப்போ வியாழக்கிழமை விரதம்?" என்றார் மாமா. மூன்று வேளை சாப்பிட்டேன் என்று எப்படிச் சொல்வது?

ஆகவே, தொலைதூர டிக்கெட்டில் ஏறும் நேரத்தையும் இறங்கும் நேரத்தையும் கழிக்காதீர்கள். இரண்டும் வேறு வேறு ஊர்க் கடிகாரங்கள். பயண நேரம் என்று தனியாகப் போட்டிருப்பதைப் பாருங்கள். அதோடு முன்கூட்டியே போய்க் காத்திருக்கும் நேரம், குடிநுழைவு வரிசை, பெட்டி வரும்வரை நிற்பது, வீடு போய்ச் சேர்வது எல்லாவற்றையும் கூட்டிக்கொள்ளுங்கள். வருகிற விடையை மாமனாரிடம் மட்டும் சொல்லாதீர்கள்.