ஒன்றரை சென்டிமீட்டர் விஞ்ஞானம்

2025 அக்டோபரில் அமெரிக்காவில் ஒரு ஊசிக்கு அனுமதி கொடுத்தார்கள். மார்பிலுள்ள சின்னப் புற்றுக்கட்டிக்குள் அதைச் செலுத்தி, கட்டியை உறையவைத்தே கொன்றுவிடலாம். கத்தி வேண்டாம், அன்றே வீட்டுக்குப் போகலாம். நிபந்தனைகள் உண்டு: வயது 70 ஆகியிருக்க வேண்டும், வீரியம் குறைந்த வகையாக இருக்க வேண்டும், கூடவே ஹார்மோன் மாத்திரை. முக்கியமாக, கட்டி ஒன்றரை சென்டிமீட்டரைத் தாண்டக் கூடாது.

தென்காசி பக்கத்து ஆய்க்குடியில் அந்தக் கடைசி நிபந்தனையிலேயே ஆட்டம் முடிந்தது. ஒன்றரை சென்டிமீட்டரை இங்கே யார் கண்டுபிடிப்பது? வலிக்காத கட்டிக்கு யாரும் வாய் திறப்பதில்லை. "மாருல ஏதோ நெருடுது மதினி" என்று சொல்வதற்குள் அடுத்த தைப்பூசம் வந்துவிடும். "நீர்க்கட்டியா இருக்கும், மஞ்சளை அரைச்சுப் போடு" என்று மதினி வைத்தியத்தையும் முடித்துவிடுவாள்.

மதினியைக் குறை சொல்லி என்ன? 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில், 30 முதல் 49 வயதுப் பெண்களிடம் கேட்டார்கள்: ஒரு தடவையாவது மார்பகப் பரிசோதனை செய்ததுண்டா? இந்திய அளவில் 'உண்டு' என்றவர்கள் நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை. தமிழ்நாட்டில் ஆறு பேரைத் தொடவில்லை. நூற்றுக்கு ஆறு மார்க் எடுக்காதவன்தான் வகுப்பில் முன்வரிசை மாணவன்! 'முன்னோடி மாநிலம்' என்று போஸ்டர் அடிக்க இது போதாதா?

வழி தெரியாமலா இருக்கிறோம்? மும்பை டாடா நினைவு மருத்துவமனைக்காரர்கள் 1998இல் தொடங்கி, ஒன்றரை லட்சம் பெண்களை இருபது வருஷம் பின்தொடர்ந்து, 2021இல் முடிவைச் சொன்னார்கள். மெஷின் இல்லை. பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளர் இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை, நாலு சுற்று, கையால் தொட்டுப் பார்த்தார். அவ்வளவுதான். 50ஐத் தாண்டியவர்களிடையே மார்பகப் புற்றுச் சாவு ஏறத்தாழ 30 சதவீதம் குறைந்தது.

கைக்கா இங்கே பஞ்சம்? தென்காசி வட்டாரத்தில் பீடி சுற்றும் பெண்ணைப் பாருங்கள். மடியில் சுளகு, கண் டிவி சீரியலில். ஆனால் தூள் ஒரு இணுக்குக் கூடினாலும் விரல் சொல்லிவிடும். அப்படிப்பட்ட விரல்காரிகளில் ஊருக்கு நாலு பேரைப் பழக்கி, சம்பளம் கொடுத்தால் என்ன? ஒரே ஒரு குறைதான். திறப்பு விழா நடத்த முடியாது. கைக்கு எங்கே ரிப்பன் கட்டுவது? மார்பகப் புற்று விழிப்புணர்வு மாதம் என்று அக்டோபரில் கட்டடத்துக்கு இளஞ்சிவப்பு விளக்குப் போட்டாலாவது போட்டோ விழும்.

கடைசியில் கட்டி முற்றாமல் தப்பித்தவறி ஒருத்தி வந்து சேர்கிறாள் என்றே வையுங்கள். மார்பை முழுசாக எடுக்க வேண்டாம், கட்டியை மட்டும் எடுத்துக் கதிர்வீச்சு கொடுத்தால் ஆயுள் குறையாது என்று இத்தாலியில் வெரோனேசியும் அமெரிக்காவில் ஃபிஷரும் 1980களிலேயே காட்டிவிட்டார்கள். ஆனால் கதிர்வீச்சு என்றால் மூன்று வாரம், வாரத்துக்கு ஐந்து நாள். 2019இல் தனி மாவட்டமான தென்காசிக்குக் கலெக்டர் வந்தார், எஸ்.பி. வந்தார். 2022 ஜனவரியில் ஒரே நாளில் திறந்த 11 அரசு மருத்துவக் கல்லூரிகளில் ஒன்றும் இந்தப் பக்கம் எட்டிப்பார்க்கவில்லை. ஐம்பது கிலோமீட்டருக்கு மேல் பஸ் ஏறி நெல்லைக்குத்தான் போகணும். காப்பீட்டு அட்டை ஆபரேஷனுக்குப் பணம் தரும். அத்தனை நாள் சுற்றாத பீடிக்குத் தராது.

"முழுசா எடுத்துருங்க டாக்டர், என்னால அலைய முடியாது" என்கிறாள். நோயாளியின் விருப்பப்படி என்று கேஸ் ஷீட்டில் எழுதி, கையெழுத்து வாங்கிக்கொள்கிறார்கள்.